பீச்சாங்கைக் காலண்டர்

12.3.1978
காலண்டர் கம்பெனிக்கு நான் எடுத்து அனுப்பிய ஆறு படங்களும் திரும்பி வந்துவிட்டன. கூடவே ஒரு துண்டுத் தாள்: ‘பொருத்தமில்லை.’ ஏன் என்று எழுத ஈப்போவில் மை தீர்ந்துவிட்டதா? மலேசியாவில் பனிமலையும் ரோஜாப்பூவும் போட்டு விற்கிற கூட்டம்!

15.3.1978
நேரிலேயே போனேன். மேனேஜர் ஜெயபாலன், கழுத்தில் டை. நம் ஊர் வெயிலுக்கு!

“உயிர் இல்லைலா அண்ணே.”

எங்கே இல்லை? சொல்லத் தெரியவில்லை. “நெகடிவைக் குடுத்துட்டுப் போங்க, பெருசாப் போட்டுப் பார்த்துக் குறை சொல்றேன்.”

பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கச் சொல்கிறான்.

16.3.1978
“நாக்கை நீட்டாம டாக்டர்கிட்ட மருந்து கேட்டா எப்படி?” என்கிறாள் வீரம்மா. மனைவி சொல்வதும் சரிதான். குறை தெரிய வேண்டும், படமும் பறிபோகக் கூடாது.

ஒரு வழி செய்தேன். சுங்காய் எஸ்டேட்டில் என் தங்கை கருப்பம்மாள் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் பாலுக்குப் பட்டையைச் சீவும் படம். நெகடிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டேன். இடம் வலமாகிவிட்டது. கத்தி இடது கையில், மரத்தின் வெட்டுக்கோடு எதிர்ப்பக்கம் சரிகிறது. எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். ஜெயபாலனின் அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான். மகன் கண்டுபிடிக்கட்டுமே. கண்டுபிடிக்காமல் திருடினால் அந்தக் கையே அவனைக் காட்டிக்கொடுக்கும்.

20.3.1978
ஜெயபாலன் பிரிண்டை ரொம்ப நேரம் பார்த்தான். “முகத்துல சிரிப்பு இல்லையே.” விடியற்காலைக் கொசுக்கடியில் எவள் சிரிப்பாள்? கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “இங்கேயே இருக்கட்டும், பார்த்துட்டு அனுப்புறேன்” என்றான்.

4.4.1978
திரும்பி வந்தது. ‘பொருத்தமில்லை.’ தூ!

28.12.1978
தாப்பாவில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் வேலை. சிக்கந்தர் கடையில் டீக்கு உட்கார்ந்தேன். சுவரில் புது வருஷக் காலண்டர்.

கருப்பம்மாள்! இடது கையில் கத்தியோடு. கீழே, ‘படம்: எங்கள் கலைஞர்.’

திருட்டுப் பயல். என் பிரிண்டையே படம் பிடித்திருக்கிறான்.

“என்னாண்ணே, டீ ஆறுது” என்றார் சிக்கந்தர். பக்கத்து மேசையில் ஒருத்தன் காலண்டரைக் காட்டிச் சிரித்தான். “எந்த எஸ்டேட்டுலா இவ? மரத்தையே கெடுத்துருவா.”

டீயைக் குடிக்காமலே எழுந்தேன். ஆனாலும், சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே சந்தோஷம்.

31.12.1978
கருப்பம்மாள் புந்தோங்கில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். “எங்க லயத்துல வீட்டுக்கு வீடு சிரிக்குது. நான் எப்பண்ணே பீச்சாங்கையில மரம் வெட்டினேன்?”

3.1.1979
அவளையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். “எங்க ஆள் எடுத்த படம்” என்றான் ஜெயபாலன், நா கூசாமல்.

“உன் ஆளைக் கூப்பிடு. எந்தக் கையால வெட்டுனேன்னு எங்கிட்டயே சொல்லட்டும்” என்றாள் அவள். நெகடிவை, ஓரத்து எண்கள் நேராகத் தெரியும்படி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பார்த்தான், காலண்டரைப் பார்த்தான். டையைத் தளர்த்தினான்.

பணம் தருகிறேன் என்றான். எனக்கு வேண்டியது இரண்டு: அடுத்த காலண்டரில் படம் சரியான பக்கமாக, என் பெயரோடு. இனி எதைத் திருப்பி அனுப்பினாலும் காரணத்தோடு. தலையாட்டினான். வேறு வழி?

18.12.1979
புதுக் காலண்டர் வந்துவிட்டது. வலது கை. ‘படம்: ஐயாவு, புந்தோங்.’ எழுத்து எறும்பு அளவுதான். கஞ்சப் பயல்.

9.2.1980
புதிதாக அனுப்பிய மூன்றும் திரும்பி வந்தன. காரணத்தோடு!

ஒன்று, மாடு அசைந்துவிட்டதாம். எனக்குக் கண் இல்லையா? இரண்டு, கோபுரம் சாய்ந்திருக்கிறதாம். சாய்ந்தது அவன் கழுத்து. மூன்று: ‘உங்கள் படங்களில் எல்லாரும் உங்களுக்குப் பயந்து நிற்பதுபோல் இருக்கிறார்கள்.’

திமிரைப் பார்! வீரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கக்கூட இல்லை.

“இதைச் சொல்லக் காலண்டர் கம்பெனி வேணுமா?”

10.2.1980
நாளை சுங்காய் போகிறேன், கருப்பம்மாளை மறுபடி எடுக்க. வழக்கம்போல் ‘அசையாதே’ என்று கத்தக் கூடாது.