வண்டிக்குச் சொன்ன விலாசம்

ஜனவரி 7
பெயர்ப்பலகை மனுவுக்குப் பதில் வந்தது. பரிசீலனையில் உள்ளதாம். போன வருஷமும் இதே வரிதான். உழைப்பாளர் நகர் என்று நாங்களே கூடிப் பேர் வைத்தோம். பலகை நட்டோம், ஊர்க்காரர்கள் தார் பூசினார்கள். மறுபடி நட்டோம், மறுபடி பூசினார்கள். ஊருக்குள் இன்றைக்கும் எங்கள் தெரு காலனிதான், நாங்கள் காலனிக்காரர்கள்தான். எழுதவே கை கூசுகிறது. வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை.

மனைவி சோணையம்மாள் பதிலை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "நீங்க எழுதுன மனுவத் தின்னே அந்த ஆபீஸ் கரையான் கொழுத்துப் போச்சு" என்றாள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மனு எழுதி எழுதித்தான் எனக்கு எழுத்தே வந்தது. அவளுக்கு அது சிரிப்பாக இருக்கிறது.

ஜனவரி 15
மாட்டுப்பொங்கல். திருநகரிலிருந்து மகள் தமிழ்வாணி வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவள், வந்ததும் வராததுமாக அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தூக்க வராமல் போனாலோ அந்த நிமிஷமே 108. பக்கத்து வீட்டுச் சுருளியின் லோடு ஆட்டோவைத் தேடி அலையக் கூடாது. சுக்குத் தண்ணி கொடுத்துப் பார்க்கக் கூடாது. படுத்து எழுந்தால் சரியாகும் என்று விடக் கூடாது. ஒரு ஆளை மெயின் ரோட்டில் நிற்கவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"இடம் கேப்பாங்கப்பா. காலனின்னே சொல்லுங்க. இங்க எல்லாருக்கும் அதுதான் தெரியும்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"சாகப்போறது நீங்க இல்லப்பா."

சோணையம்மாள்தான் சிரித்தாள்.

பிப்ரவரி 11
மதுரை. ஆஸ்பத்திரி வராந்தா. பேனா ஒரு நர்ஸ் பிள்ளையிடம் வாங்கியது.

நேற்றுக் காலை சோணையம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நழுவி விழுந்தது. எடுக்கச் சொன்னேன். என்னையே பார்த்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துப் போயிருந்தது.

உடனே கூப்பிட்டேன். இதை யாரும் மறுக்க முடியாது — உடனே கூப்பிட்டேன். போனில் பேசிய பெண் பதறாமல் கேட்டாள், எழுமலைப் பக்கம் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வயது, நினைவு இருக்கிறதா. உழைப்பாளர் நகர் என்றேன். வேறு பேர் ஏதும் உண்டா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். இல்லை என்றேன். அடையாளம் கேட்டாள். தண்ணீர்த் தொட்டி என்றேன். ஊருக்குள்ளும் ஒரு தொட்டி இருக்கிறதே. அது அப்போது என் புத்தியில் இல்லை. ரோட்டுக்கு ஆள் அனுப்பவும் மறந்தேன்.

வண்டி ஊர்த் தொட்டிக்குப் போய்விட்டது. டிரைவர் போன் போட்டார்.

"ஐயா, டீக்கடையில கேட்டேன், அப்படி ஒரு நகரே இல்லங்கிறாங்க. நீங்க காலனியா?"

அவள் தலை என் மடியில் இருக்கிறது. எச்சில் வழிகிறது. நான் சொன்னேன், உழைப்பாளர் நகர்.

ஏன்டா ஆண்டிச்சாமி, அப்படிச் சொன்ன? ஆமான்னு ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு.

சத்தம் கேட்டு வந்த சுருளிதான் போனைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வண்டியைக் கூட்டிவந்தான்.

பிப்ரவரி 12
கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். தமிழ்வாணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 3
வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். வலது கை, வலது காலில் அசைவு இல்லை. பேச்சும் இல்லை. எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்.

டீக்கடை வெள்ளைத்துரையிடம் போய், டிரைவருக்கு ஏன் வழி சொல்லவில்லை என்று கேட்டேன். என் மகள் வயதுகூட இருக்காது, பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"என்ன ஆண்டிச்சாமி, காலனின்னு கேட்டிருந்தா கையக் காட்டிருப்போம்ல. நகரு கிகருன்னா யாருக்குத் தெரியும்?"

தெரியாதாம். தார் வாளியோடு நின்றவனுக்குத் தெரியாதாம்.

மார்ச் 19
மகள் தினமும் போன் செய்கிறாள். போனை அவள் அம்மா காதில் வைத்துப் பிடிப்பதோடு என் வேலை முடிந்தது.

மார்ச் 27
மனுவுக்கு நினைவூட்டல் எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கரையான் என்று ஒரு சொல் சொல்லேன் என்றேன். "ம்" என்றாள்.

ஏப்ரல் 6
சோணையம்மாளை நேற்று அடக்கம் செய்தோம்.

முந்தாநாள் கஞ்சி ஊட்டும்போது உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். சுருளியை ரோட்டுக்கு விரட்டினேன். 108-ஐக் கூப்பிட்டேன். வேறொரு பெண் குரல். ஊர்ப் பேரைச் சொன்னதும், அங்கே எந்த இடம் என்று கேட்டாள்.

காலனி என்றேன்.

அதற்குள் இழுப்பு அடங்கியிருந்தது. அவள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. நானாக எதையாவது நினைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தப் பெண் அதற்கு மேல் இடம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வண்டி எங்கும் நிற்காமல் வாசலுக்கு வந்தது. உசிலம்பட்டி தாண்டும்போதே மூச்சு நின்றுவிட்டது.

வாசலில் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே டிரைவர் என் தோளைத் தட்டிச் சொன்னார், "கரெக்டா இடம் சொன்னீங்கய்யா. இப்படித்தான் சொல்லணும்."