வெள்ளை பூத்த முப்பத்தாறு முகங்கள்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். குற்றாலத்தில் எட்வின் வீட்டில் ஆட்டம். மேஜைப் போர்: விரல் உயரச் சிப்பாய்கள், பகடை, அளவு நாடா. வழக்கம்போலத் தோல்வி. நான் தென்காசிக்குக் கிளம்பும்போது தன் படையை மொத்தமாக ஒரு ஷூ பெட்டியில் வைத்துக் கையில் கொடுத்தான். முப்பத்தாறு பேர். இரண்டு வருடம் உட்கார்ந்து வரைந்தது. ஜனவரியிலிருந்து அவனுக்கு வலது கை நடுக்கம். நரம்புக் கோளாறாம். இனி பிரஷ் பிடிக்க வராது. நான் செய்ய வேண்டியது பேஸ் மட்டும். அதாவது சிப்பாயின் காலடியில் ஒட்டும் வட்டத் தட்டு. அதில் மண், கல், புல்.

"வார்னிஷ் மட்டும் அடிச்சிராதலே. சாரல் நிக்கட்டும், நான் சொல்லுதேன்."

"எனக்குத் தெரியாதாலே?"

பெயிண்ட் உரியாமல் காக்கும் பூச்சு அது. ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தெரியும்தான்.

ஜூலை 8

சிற்றாற்று மணல் ஒரு டப்பா. டீ வடிகட்டியில் சலித்து, ஈரம் போக அடுப்பில் வறுத்துக்கொண்டிருந்தேன். சரோஜா பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, கடலை வறுக்குற சட்டியிலயா மண்ண வறுக்கிய?"

மண்ணைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். இருபது வருடக் குடும்பம் கற்றுத்தந்தது அது.

வாங்க: வெள்ளைப் பசை, தக்கை (பாறைக்கு), விளிம்புக்குக் கறுப்பு பெயிண்ட், புதுச் சட்டி. தேங்காய் நார் வீட்டிலேயே இருக்கிறது. காய்ந்த புல்லுக்கு.

ஜூலை 10

வயிற்றுவலி என்று ஆபீசுக்கு லீவு. இந்த ஈரத்தில் பசை காய்வேனா என்கிறது. ஃபேனுக்கு அடியில் வரிசையாக வைத்து ஒருவழியாக முப்பத்தாறும் முடிந்தது. செம்மண் தரை, ஓரத்தில் பாறை. நன்றாகவே வந்திருக்கிறது.

முகங்களை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஒருவனுக்கு ஒரு பக்க மீசை மட்டும் முறுக்கு. ஒருவன் தும்மப் போகிறான். ஒரே மாதிரி இரண்டு பேர் இல்லை. சரோஜாகூடக் கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தாள்.

ஜூலை 11, வெள்ளி

மாலை நாலு மணி. பளிச்சென்று வெயில். வார்னிஷும் முடித்து ஞாயிறன்று எட்வின் முன்னால் வைக்க வேண்டும் என்று ஒரு ஆசை. சபாஷ் வாங்கும் ஆசை, வேறென்ன. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மொட்டை மாடியில் அடித்தேன். பாதியில் சாரல், வெயிலோடவே. அப்போதாவது நிறுத்தினேனா? கை வேகமாக அடித்து முடிக்கத்தான் பார்த்தது. அரைமணியில் எல்லா முகமும் வெள்ளை. கண் இல்லை, மீசை இல்லை. வெள்ளை போகுமா என்று பளபளப்பு வார்னிஷை ஒன்றின் மேல் தடவிப் பார்த்தேன். செருப்பு தெளிந்தது, முகம் தெளியவில்லை. மறுபடி வரைய அவனுக்குக் கை இல்லை. பாவி நான்.

ஜூலை 13, ஞாயிறு

பெட்டியோடு போனேன். எட்வின் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஜன்னலோரம் கொண்டுபோனான்.

"என்னலே ஆச்சு?"

"ஸ்ப்ரே கேன் பழசு போலலே. நல்ல வெயில்லதான் அடிச்சேன்."

"என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை. நாலு மணி இருக்கும்."

சிப்பாயைத் திரும்பப் பெட்டியில் வைத்தான். பிறகு, "பேஸ் நல்லா வந்திருக்கு" என்றான். டீ கொடுத்தான். ஆட்டம் போடவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 17

சரோஜாவிடம் எல்லாம் சொன்னேன்.

"படைதான் போச்சு. ஆளும் போகணுமா? போன் போட்டு உண்மையச் சொல்லுங்க."

போட்டேன்.

"ஏலே, கேன்ல ஒண்ணும் கோளாறு இல்ல. சாரல்லதான் அடிச்சேன். நீ சொல்லியும் கேக்கல. பொய்யும் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்படிலே?"

"வெள்ளிக்கிழமை டாக்டரப் பாக்க தென்காசி வந்திருந்தேன். நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நனைஞ்சிட்டு நின்னேன். கைதாம்லே நடுங்குது. கண்ணு நல்லாத்தான் இருக்கு."