புத்தரின் அப்பா கேட்டது

மார்ச் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. வீட்டைச் சூடாக்கும் பொய்லர் திரும்பவும் நின்றுவிட்டது. பார்மசியில் பகல் ஷிப்ட். வாங்க: பால், கறிவேப்பிலை, இவருக்குப் பிரஷர் குளிசை.

மத்தியானம் மயூரன் போன் எடுத்தான். ஒரு வருடமாக அந்தப் பௌத்தக் காட்டு மடத்தில், காவிக்கு முந்திய வெள்ளை உடுப்போடு பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறான். சலித்துப்போய் வந்துவிடுவான் என்றுதான் ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையாருக்கு விளக்கு வைத்தேன். வரவில்லை. இப்போது காவி உடுக்கப் போகிறானாம். பிக்குவாக. என் ஒரே பிள்ளை.

தாய் தகப்பன் இரண்டு பேரும் சம்மதிக்காமல் அங்கே காவி கொடுக்க மாட்டார்களாம். அது அவர்களுடைய பழைய விதி.

"அப்பா ஓம் எண்டிட்டார், அம்மா. நீங்கள்தான் மிச்சம்."

இவர் சொன்னது எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். வெளியே ஒரு கிழவர் இருமல் மருந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 5, வியாழன்

குளிர், காற்று. இவரோடு பேச்சில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு மேலே வந்துவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்த புத்தர் ஒருவர்தான். ஊரில் ஆமிச் சென்றிக் காவலரணுக்குப் பக்கத்து அரசமரத்தடியில் சிலையாக வந்து குந்தியவர். அடையாள அட்டையை நீட்டியபடி, தலையைக் குனிந்துகொண்டு, அவருக்கு முன்னால் நடந்து போனவள் நான். அந்த ஆளிடம் என் பிள்ளை போகிறான் என்றால் வயிறு எரியாதா?

நூலகத்தில் அவருடைய சரித்திரம் தமிழில் இருந்தது. எடுத்து வந்தேன். மறுக்க ஏதாவது கிடைக்கும் என்றுதான் வாசிக்கிறேன், பக்தியில் இல்லை.

அப்பா சுத்தோதனர், ராசா. பிள்ளை பிறந்ததும் சாத்திரிமார் சொல்லிவிட்டார்கள்: ஒன்று நாடாளுவான், இல்லையென்றால் துறவியாவான். மனுசன் பயந்துபோய்ப் பருவத்துக்கு ஒரு மாளிகை கட்டுகிறார். கிழவன், நோயாளி, பிணம் எதுவும் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது என்று காவல் போடுகிறார். பாவம். நாங்கள் கட்டியது கூரைக்குக் கீழே ஒரு லொஃப்ட் அறை, மயூரன் கலியாணம் கட்டினால் இருக்கட்டும் என்று. இன்றுவரை யாரும் படுக்கவில்லை. ராசா வருடக்கணக்காக மறைத்ததை எல்லாம் இவன் கோவிட் நேரத்தில் ஒரே ஷிப்டில் பார்த்துவிட்டான். நர்ஸ் வேலை வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டது?

பிறகு ராசாவின் மகன் வீட்டை விட்டுப் போன அந்த இரவு. அறை வாசலில் நின்று, தன் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச ஆசையாம். மனைவியின் கை பிள்ளையின் தலையில். எடுத்தால் அவள் எழும்பிவிடுவாள், போகவிட மாட்டாள். அதனால் தொடாமலே போய்விட்டார். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. எழுப்பினால்தான் என்ன?

மார்ச் 8, ஞாயிறு

வெயில். மடத்துக்குப் போய் வந்தோம். உடம்பு முழுக்க நோவு.

விடிய எழும்பிச் சமைத்தது: அரிசிமாப் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், கடலை வடை. இவ்வளவும் அவன் விருப்பம். சாப்பாடு வாய்க்குள் போனால் மனம் மாறும் என்று நினைத்தேன். தாய் வேறு எதை நினைப்பாள்.

இவர் பெட்ரோல் அடிக்க நின்றார், பிறகு எம்25 நெடுஞ்சாலையில் விபத்து, கார் நகரவில்லை. போய்ச் சேரப் பகல் ஒன்றரை மணி. மயூரன் ஓடி வந்தான். மெலிந்திருக்கிறான். என் கையில் சாப்பாட்டு வாளியைப் பார்த்ததும் முகம் மாறியது. மத்தியானம் தாண்டினால் அவர்கள் சாப்பிடுவதில்லை. எனக்குத் தெரியும், போன வருடமே சொன்னவன். கோயிலுக்கு நேரத்தோடு போனோமா, கலியாண வீட்டுக்கு நேரத்தோடு போனோமா, இதற்கு மட்டும் போவதற்கு.

ஒரு வடையாவது சாப்பிடு என்று கெஞ்சினேன். வாளி மூடியைத் திறந்து, குனிந்து மணந்து பார்த்தான். பிறகு மூடிவிட்டான்.

இன்னும் ஒன்று சொன்னான், தயங்கித் தயங்கி. காவி போட்டபின் பெண்கள் அவனைத் தொடக்கூடாதாம். தாயும் பெண்தான். நான்தான் அவனை விழுந்து கும்பிட வேண்டுமாம். காரில் வரும்போது புட்டு மணம் தாங்க முடியாமல் கண்ணாடியை இறக்கினேன்.

மார்ச் 9, திங்கள்

மேகமூட்டம். தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு குரல்:

"அவவின்ட பெடியன் சிங்களச் சாமியாராப் போட்டானாம்."

"இல்லை, வெள்ளைக்காரச் சாமியாராம்."

"எதெண்டாலும் மொட்டைதானே."

வெண்டிக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் இவரோடு சண்டை. நாங்கள் செத்தால் கொள்ளி வைக்க யார் என்று கேட்டேன். இங்கே கொள்ளி என்றால் ஒரு பட்டனை அமத்துவதுதான், அதற்குக்கூட ஒரு பிள்ளை இல்லையா? கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இவர் திருப்பிக் கத்தவில்லை. பிள்ளை வந்து கேட்டபோது மறுக்க வாய் வரவில்லையாம். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் எனக்கு இல்லையென்று சொல்ல மட்டும் இவருக்கு நன்றாக வாய் வந்திருக்கிறது.

மார்ச் 11, புதன்

மயூரனுக்குப் போன் எடுத்தேன். ஏலாது என்றேன். சுற்றி வளைக்கவில்லை. சரி அம்மா என்றான். கோபமில்லையாம், வெள்ளை உடுப்போடு காத்திருப்பானாம். எத்தனை வருடமென்றாலும். நான் இருக்கும்வரைக்கும் என்றால் அதுவரைக்கும்.

வென்றுவிட்டேன். சோறு இறங்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மழை. ஷிப்ட் இல்லை. மூடி வைத்த புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன்.

மகன் புத்தராகி ஊருக்கு வருகிறார். வந்தவர் மாளிகைக்குப் போகாமல் வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறார். ராசாவுக்கு மானம் போகிறது. அதோடு விட்டதா? சொத்துக் கேள் என்று தாய் அனுப்பிய பேரனுக்கும் மொட்டை போட்டு அழைத்துக்கொள்கிறார். ஒருவரிடமும் கேட்கவில்லை. கிழவர் அப்போதுதான் உடைந்துபோகிறார். நீ போனபோது நொந்தேன், இவன் போனபோது தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்புவரை இறங்குகிறது என்கிறார். மகனையோ பேரனையோ திருப்பிக் கேட்கவில்லை. இனிமேல் தாய் தகப்பனைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறார். சரி என்றாராம் மகன்.

மயூரன் சொன்ன விதி இதுதான். ஒரு தகப்பன் அழுது வாங்கியது.

ஊரில் என் அண்ணை டியூசனுக்கு என்று சைக்கிளில் போனவர். சண்டைபோட இயக்கத்துக்குப் போய்விட்டார் என்று சைக்கிளைக் கொண்டுவந்த பெடியன்தான் சொன்னான். பிறகு ஒன்றும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. அம்மா சாகும்வரை ஒரே கதைதான்: ஒரு சொல் கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டா. அது தெரிந்துதான் அண்ணை கேட்கவில்லை.

மயூரனுக்கும் தெரியும், நான் மாட்டேன் என்பேன் என்று. தெரிந்தும் கேட்டான்.

இதை ஏன் வாசித்தேன். மறுக்க வழி தேடிப் போன எனக்கு இது வேண்டுமா.

மார்ச் 15, ஞாயிறு

மேகம். இங்கே இன்று அன்னையர் தினம். பூக்கடை வாசலில் வரிசை.

சமைக்கவில்லை. பத்தரைக்கே போய்ச் சேர்ந்தோம். பெரிய பிக்கு வெள்ளைக்காரர், காலில் கம்பளிச் சொக்ஸ். தேத்தண்ணி தந்தார். மனமார விடுகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மனமார இல்லை என்றேன். பிறகு மயூரனைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்:

"எனக்கு இதில விருப்பமில்லை. சாகும்வரைக்கும் விருப்பம் வராது. ஆனா நீ கேட்டனி. ஓம்."

அவன் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். பெரிய பிக்குவுக்கு இவர்தான் மொழிபெயர்த்தார். அடுத்த மாதம் நல்ல நாளில் காவி.

வெளியே காருக்குப் பக்கத்தில் அவனைக் கட்டிப்பிடித்தேன். இன்னும் வெள்ளைதானே, தொடலாம். காணும் அம்மா, விடுங்கோ என்றான். இவரும் காணும் என்றார். எனக்குக் கை எடுபடவில்லை. இவர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.