தாஜ்மகாலுக்குக் கீழே உன் அப்பா

மானகிரி
12-2-1971

அன்புள்ள மகன் ஞானசம்பந்தத்துக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவைக் கெடுத்தது நீ. சிங்கப்பூரிலிருந்து அந்தக் கேமராவை அனுப்பினாயே, அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் இறங்கவில்லை. மற்றபடி நாங்கள் இருவரும் சுகம், மாடும் கன்றும் சுகம், நீயும் புஷ்பவள்ளியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது.

யாத்திரை ஸ்பெஷல் ரயிலில் காசி, டெல்லி, ஆக்ரா எல்லாம் பார்த்துவிட்டு இருபத்திரண்டாம் நாள் வீடு வந்தோம். பார்த்தோம் என்று சொல்வது உன் அப்பா. எங்கள் பெட்டியில் பதினோரு பெண்கள். ஸ்டேஷன் வந்ததும் ஆண்கள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்புவார்கள், நாங்கள் பிளாட்பாரத்தில் அடுப்பைப் பற்றவைப்போம். வடநாட்டு ரொட்டி இவர்கள் வயிற்றுக்கு ஆகாதாம். அதற்காக அரிசி, புளி, மிளகாய்ப்பொடி, மண்ணெண்ணெய் அடுப்பு, நான், எல்லாச் சாமானும் மானகிரியிலிருந்து போனோம். தாஜ்மகாலை ஒருத்தன் பெண்டாட்டிக்காகக் கட்டினானாம். அதைப் பார்க்க வந்தவர்களின் பெண்டாட்டிகள் வாசலில் செருப்புக்கும் தூக்குச்சட்டிக்கும் காவல் இருந்தோம். படம் பிடிக்க மட்டும் உன் அப்பா என்னை உள்ளே கூப்பிட்டார். "இந்தா, கோபுர நுனி வெட்டுப்படக் கூடாது. வெட்டுப்பட்டா ஊர்ல ஒருத்தனும் நம்பமாட்டான்" என்றார். கேமராக் கண்ணாடிக்குள் தாஜ்மகால் தீப்பெட்டி அளவு இருந்தது. அமுக்கினேன். "போதும், போய்ச் சாமானைப் பாரு" என்றார். நான் பார்த்த தாஜ்மகால் அவ்வளவுதான்.

போன வாரம் காரைக்குடி ஸ்டூடியோவில் பீர் முகம்மது படங்களைக் கழுவிக் கொடுத்தார். கோபுர நுனி எதுவும் வெட்டுப்படவில்லை. தாஜ்மகால் முழுசாக இருக்கிறது, அதன் காலடியில் உன் அப்பாவின் உச்சந்தலை மட்டும் உரித்த தேங்காய் மாதிரி கிடக்கிறது. குதுப்மினாரிலும் அதே தேங்காய். "அக்கா, மினாரு நிமிந்து நிக்கிது, அண்ணனத்தான் மண்ணுல புதைச்சிட்டீக" என்று பீர் முகம்மது சிரித்த சிரிப்பில் உன் அப்பா அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. சொன்னதைத்தானே செய்தேன்?

நான் எதிலாவது இருக்கிறேனா என்று தேடினேன். காசியில் அவர் படகுகளை எடுத்த படத்தில், ஓரமாக ஈர வேட்டியைப் பிழிகிற இரண்டு கை தெரிகிறது. வளையலை வைத்துத்தான் என் கை என்று தெரிந்துகொண்டேன். முப்பத்தாறு படத்தில் நான் அவ்வளவுதான்.

சித்திரையில் மைசூருக்கு ஒரு ரயில் போகிறதாம். படம் பிடிக்க முத்தப்பன் மாமாவைக் கூட்டிக்கொள்கிறாராம், நான் சோறாக்க வந்தால் போதுமாம். அடுப்பு ஏறுகிற ரயிலில் நான் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு மைசூர் பார்க்க ஆசை, அதுவும் உண்மை. அடுப்பை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போகச் சொல்லி நீ அவருக்குத் தனியாக எழுது. சாமி புண்ணியத்தில் நீங்கள் இருவரும் நிறைவாக இருங்கள். புஷ்பவள்ளியைப் படத்தில் நிற்கவை, அவள் கையில் பையைக் கொடுக்காதே.

உன் அம்மா
அக்கம்மாள்

மடிக்கிற இடத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. இப்போதுகூட உன் அப்பாவிடம் கேட்டேன்: "அடுப்பா, நானா? ஒண்ணு சொல்லுங்க." பேப்பரைப் புரட்டுகிறார். மறுபடியும் கேட்டேன்: "சொல்லுங்க."