தாளில் இல்லாத கேள்வி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. அப்பாவுக்குக் கண்புரை அறுவைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். தம்பி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மூன்று தடவை கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம்.

உனக்கு வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியிலிருந்து விசாரித்தார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று செவ்வாய்க்கிழமை உன்னிடம் சொன்னேன் அல்லவா, முடியவில்லை. நீ எழுதித் தந்த தாளைப் நான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் கீபோர்டுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். டோக்கன் கூப்பிடுகிற குரல் அதிகாரி குரல் மாதிரி இருக்கிறது என்று மேலாளராகப் பேச நீதானே என்னைப் பிடித்தாய். உனக்கு மேலாளராக இருந்தேன் என்றேன், இரண்டு வருடம் எங்களிடம் மென்பொருள் எழுதினாள் என்றேன், இல்லாத கம்பெனியின் முகவரியைக்கூடத் தடுமாறாமல் சொன்னேன். அவர் மேடம் மேடம் என்று பேசியதில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. கடைசியாக, அவங்ககிட்ட குறைன்னு ஏதாவது உண்டா மேடம் என்று கேட்டார். அது தாளில் இல்லை. காய்ச்சல் அடிச்சாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டா, நாமதான் நெத்தியைத் தொட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கணும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் மெதுவாக, நீங்க அவங்க அம்மாவா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் பார்த்தேன், வரவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னிச்சிருங்கம்மா, நடந்ததை நான் எழுதித்தான் ஆகணும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

உன் மேல் கோபமே இல்லை என்றால் அது பொய், பொய் சொன்னது போதும். ஆனால் நூற்றுப் பத்து இடத்துக்கு நீ விண்ணப்பம் போட்டதும், புதியவர்களுக்கான வேலை என்று அவர்களே விளம்பரம் கொடுத்துவிட்டு அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டதும் எனக்குத் தெரியாதா. ஆறே மாதத்தில் வேலை என்று அடித்துச் சொன்ன பயிற்சி வகுப்புக்காரர் இப்போது போனையே எடுப்பதில்லை. எங்கள் டாக்டருக்காக நீ செய்து கொடுத்த, நோயாளிகளுக்கு நேரம் குறிக்கிற கம்ப்யூட்டர் பக்கத்தைத்தான் தினமும் காலையில் திறக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை. அதை ஏன் விண்ணப்பத்தில் எழுதவில்லை என்றதற்கு, அம்மா வேலை பாக்குற இடத்துக்குச் செஞ்சதெல்லாம் அனுபவத்துல வராது என்றாய்.

வருகிற திங்கட்கிழமை துணிக்கடை பில்லிங் வேலையை விடப்போவதாகச் சொன்னாயே, விடாதே. முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தால் முதலாளியிடம் போய்த் திரும்பக் கேள், அதில் கௌரவம் பார்க்காதே. உனக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்றுதான் எங்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும். இதைப் படித்துவிட்டு நீ என்னைக் கூப்பிட மாட்டாய், அது தெரியும். நான் கூப்பிட்டால் மட்டும் எடு. பேச வேண்டாம், மூச்சு விடுவது கேட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் வேலையைக் கெடுத்த அம்மா