காதோரப் புண்ணும் கிளினிக்குக்கு அனுப்பிய போட்டோவும்

என் அன்பான சாந்தி அக்கா,

நீ கண்மூடி ஏழு மாசம். போன வாரம் தங்கச்சியின் போனுக்குத் தோல் கிளினிக்கிலிருந்து மெசேஜ் வந்தது: "நேரில் வரத் தேவையில்லை. சந்தேகமான இடங்களைப் போட்டோ எடுத்து அனுப்பவும்." உனக்கு வந்த அதே மெசேஜ். ஒரு எழுத்து மாறவில்லை. த்தூ!

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. நீயும் தங்கச்சியும் தோலில் நிறமே இல்லாமல் பிறந்தவர்கள். வெயில் பட்டால் புண், புண் ஆறாவிட்டால் புற்றுநோயோ என்ற பயம். அதனால்தான் மூன்று மாசத்துக்கு ஒருமுறை டாக்டர் உன் காதை மடித்து, விரலால் அழுத்தி, லென்ஸ் வைத்துப் பார்த்துவந்தார்.

போட்டோ போதும் என்றதும் நீ சந்தோஷப்பட்டாய். அதை மறைக்கக் கூடாது. கிளினிக்குக்குப் போக நம்மூர் அலுவிகாரையில் பஸ் ஏறினாலே, "சுது நோனா எந்த நாடு?" என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வரும், வெள்ளைக்கார அம்மாவாம். "வெள்ளைக்காரிக்கு டிக்கட் டாலர்லதான்!" என்று கண்டக்டர் இளிப்பான்.

"இனிமே அந்த நாய்ங்க மூஞ்சியப் பாக்கத் தேவையில்லடா" என்றாய். உன்னை எப்படிக் குறை சொல்வது?

காதோரப் புண்ணைப் படம் எடுத்தது நான். நம்ம வீட்டில் பவுடர் போடாமல் யாராவது போட்டோவுக்கு நின்றிருக்கிறோமா? அம்மா டப்பாவோடு வந்துவிட்டாள்.

"டாக்டர் பாக்கிற போட்டோ. அசிங்கமாவா அனுப்புறது?"

"அம்மா, அவங்க புண்ணத்தான் பாக்கணும்."

"பாக்கட்டும். கொஞ்சம் லட்சணமா பாக்கட்டும்."

நீ சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே எடுத்தேன். பவுடருக்கு அடியில் அந்தச் சொரசொரத் தடிப்பு வெறும் கீறல் மாதிரித் தெரிந்தது. பதில் வந்தது: "சாதாரணம். க்ரீம் பூசவும்."

நாலு மாசம் பூசினாய். கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் நேரில் போனோம். "ஏன் முன்னமே வரல்ல?" என்று கேட்டார்கள். வரவேண்டாம் என்று சொன்ன வாய்தான் அப்படிக் கேட்டது. அம்மாவிடம் பவுடரைப் பற்றி இன்னும் பேசவில்லை. பேசத்தான் வேண்டுமா அக்கா?

போனில் போட்டோ அனுப்புவதே வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரத்துப் பல்லேகமவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவருக்கு அது உதவும். ஆனால் ஆபத்து அதிகமுள்ள உங்களையும் தொட்டே பார்க்காமல் தள்ளிவிடுவதா? சந்தேகமான இடம் எதுவென்று நோயாளியே கண்டுபிடிப்பதென்றால் டாக்டர் எதற்கு?

இன்று காலை தங்கச்சியை நேரிலேயே கூட்டிக்கொண்டு போனேன்.

"மெசேஜ் பாக்கலையா தம்பி? போட்டோ அனுப்பினா போதுமே" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"ஆளே இங்க நிக்கிறா. போட்டோ எதுக்குங்க?"

மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். தங்கச்சியின் முதுகில், அவளுக்கும் தெரியாத, நாங்களும் பார்க்காத இடத்தில் ஒரு சின்னத் தடிப்பு. வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். படம் பிடிக்க வேண்டிய இடம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது.

ரிசல்ட் எதுவானாலும், இனி ஒவ்வொரு மூன்று மாசமும் அவளை டாக்டரின் கைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். துரத்தினால் வாசலிலேயே உட்கார்ந்திருப்போம்.

உனக்குத் தம்பி, அவளுக்கு அண்ணன்,
குமார்