மச்சினன் காரின் பம்பர்

ஐப்பசி 15, வெள்ளி, இரவு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரால் காரைத் தேய்த்த ஆள் கோபாலபுரத்தில் நான் ஒருவன்தான்.

கார் என் மனைவி செல்வியின் தம்பியுடையது. நாலு நாளைக்கு என்று வாங்கி வந்து பம்பரைக் கேட் தூணில் உரசிவிட்டேன். உரசிய இடத்தில் பெயிண்டுக்கு மேலே பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் கோட் வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. தேய்த்தால் சரியாகும் என்று நினைத்தேன். பம்பர் முழுக்கக் கீறல். தன் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக, நாளைக் காலையில் மச்சினன் வண்டி எடுக்க வருகிறான். எந்த முகத்தோடு சாவியைக் கொடுப்பது?

பக்கத்து வீட்டுப் பெயிண்டர் துரையைக் கூப்பிட்டேன். "மீசைக்கும் ஸ்பிரே தானா?" என்று தினமும் அவனை நக்கல் அடிப்பவன் நான். ஆனாலும் வந்தான். குனிந்து பார்த்தான்.

"ஏனுங்ண்ணா, இது பம்பருங்களா, ஊட்டு தோசைக்கல்லுங்களா?"

"ரெண்டுக்கும் ஒரே நாருதான் துரை. காப்பாத்து."

தண்ணீர் விட்டு உப்புத்தாளால் இழைத்தான். கார் நிறத்துக்கே வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அது காய்ந்ததும் மேலே கிளியர் கோட் அடித்தான். சாயங்காலம் பம்பரில் என் முகம் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. கூலி எவ்வளவு என்று கேட்டால், "ஒரு வாரம் எம்பட மீசையப் பத்திப் பேசாதீங்க, போதுமுங்க" என்றான். தங்கமான மனுசன். விடியும் வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதைச் செல்வியிடம் சொல்ல மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, விளக்கு வைத்ததும் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். காயாத கிளியர் கோட்டில் பொட்டு விரல் ரேகையோடு பதிந்து காய்ந்துவிட்டது. பம்பருக்குச் சரியாக நடுவில்தான் வைத்திருக்கிறாள்.